எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் புழு மருந்து வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து புல் தழைத்ததும் ஆடு வளர்ப்போர் மருந்துக் கடைக்குச் செல்வது வழக்கம். ஒரு புட்டி குடற்புழு மருந்து வாங்கி வந்து, பட்டியில் உள்ள நாற்பது ஆட்டுக்கும் ஆளுக்கொரு மூடியாக ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். நோயுள்ள ஆடு எது, நோயற்ற ஆடு எது என்று பார்ப்பதில்லை. எடை பார்ப்பதும் இல்லை. இந்த வழக்கத்தை மாற்றியே தீர வேண்டும்.

புழுவைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிறது. ஒரு புழு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி போய்விடும். 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள மொத்த ரத்தமே சுமார் ஒன்றரை லிட்டர்தான். ஆடு சோகை பிடித்து, தாடையின் கீழ் நீர் கோர்த்து, சில வாரங்களில் மடிந்துவிடும். ஒரு பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒரு வாரத்திற்குள் நோய் பரப்பும் இளம்புழுவாகி, புல் நுனியில் ஏறி நிற்கும்.

ஆகவே மருந்து தேவைதான். ஆனால் மருந்தின் வலிமை கிணற்று நீரைப் போன்றது. கண்டபடி இறைத்தால் வற்றிவிடும். தயாபெண்டசோல் என்ற மருந்து 1961இல் சந்தைக்கு வந்தது. 1964இலேயே அதற்கு அசையாத ஹீமாங்கஸ் புழு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. 1981இல் வந்த ஐவர்மெக்டினுக்கும் அதே கதி நேர்ந்தது. தமிழ்நாட்டு மந்தைகளிலும் மருந்தை எதிர்க்கும் புழுக்கள் ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளன. புதிய மருந்துகள் அடிக்கடி வருவதில்லை. இருப்பதைக் காப்பதே வழி.

மருந்து கெடுவதற்கு முதற்காரணம் குறைந்த அளவு. ஒரு புட்டியைப் பங்கு போட்டு ஊற்றினால் நலிந்த புழு சாகும். வலுத்த புழு பிழைத்துக் கொண்டு தன் இனத்தைப் பெருக்கும். இரண்டாவது காரணம், எல்லா ஆட்டுக்கும் ஒன்றாகக் கொடுப்பது. அப்போது மருந்துக்குத் தப்பிய புழுவைத் தவிர வேறு புழுவே மேய்ச்சலில் மிஞ்சுவதில்லை. மருந்து படாத ஆடுகள் சில இருந்தால், மருந்துக்கு மடியும் புழுக்களும் இருக்கும். எதிர்ப்புள்ளவை அவற்றோடு கலந்து பெருக்கம் குறையும்.

ஒரு மந்தையில் சில ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க, கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தால் போதும். சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் உடனே கொடுக்க வேண்டும். இமை நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்துப் பார்க்கும் அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவானது. உண்ணி, ஈரல் தட்டைப்புழு ஆகியவற்றாலும் இமை வெளுக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். இளங்குட்டிகளையும் ஈன்ற தாய் ஆடுகளையும் அடிக்கடி பார்ப்பது அவசியம்.

கொடுக்கும்போது எடை போட்டு, முழு அளவு கொடுக்க வேண்டும். செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது. அதன் உடல் மருந்தை விரைவில் வெளியேற்றிவிடும். அதற்காகத் தாமாகக் கூட்டிக் கொடுப்பதும் ஆபத்து. லெவாமிசோல் அளவு மீறினால் நஞ்சாகும். கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். சினைப்பட்ட முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது. ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மருந்து கொடுத்த ஆட்டைப் புட்டியில் குறித்த நாட்கள் கழியும் முன் கறிக்கு விற்பது உண்பவருக்குச் செய்யும் துரோகம்.

சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே மந்தையில் சேர்க்கக் கூடாது. தனியே கட்டி, மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்துப் புழுக்கையைச் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். காலைப் பனி உலர்ந்த பின் மேய்ச்சலுக்கு விடுவதும் நல்லது.

"நாற்பது ஆட்டின் இமையையும் யார் பார்ப்பது?" என்று சிலர் கேட்கலாம். ஓர் ஆட்டுக்கு அரை நிமிடம் போதும். மருந்துச் செலவும் குறையும்.

பொறுப்பு ஆடு வளர்ப்போருக்கு மட்டுமல்ல. குடற்புழு நீக்க முகாமில் இத்தனை ஆட்டுக்கு மருந்து ஊற்றினோம் என்ற கணக்கை மட்டும் காட்டிப் பயனில்லை. முகாமுக்கு முன்பும், பின்பு பத்துப் பதினான்கு நாளில் மறுபடியும் புழுக்கையைச் சோதித்து, முட்டை எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்த ஊருக்கு அந்த மருந்து உதவாது.

புறம்போக்கில் பல பட்டி ஆடுகள் சேர்ந்து மேய்கின்றன. ஒருவர் பட்டியில் வளர்ந்த எதிர்ப்புப் புழு ஊர் முழுவதும் பரவும். நாலு ஆட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் விதவைத் தாயின் பட்டியும் அதில் அடங்கும். புட்டியைத் திறக்குமுன் இமையைப் பாருங்கள்.