ஐ ஆம் ஃபைன் ஹியர்

ஒரு வாரம் ஆணி புடுங்கின களைப்புல போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன் மக்களே. பத்தாவது படிக்கிற அவ பையன் இங்கிலீஷ் நோட்டைக் கையில திணிச்சு, "மாமா, ஒப்பிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லுங்க"ன்னான். பார்த்தா, தேர்வில் தோற்ற நண்பனுக்கு ஆறுதல் கடிதம்.

ஆரம்பமே 'ஐ ஆம் ஃபைன் ஹியர். ஹவ் ஆர் யூ தேர்?' அங்க ஒருத்தன் பெயிலாகி மூலையில உக்கார்ந்திருக்கான், இவரு ஃபைனாம்! நண்பன் பேரு எக்ஸ் எக்ஸ் எக்ஸ். ஊரு ஒய் ஒய் ஒய்.

கொஞ்சம் கொசுவத்தி. 2013-ல நானும் இதையே எழுதினவன்தான். முகவரி, தேதி, விளிப்பு எல்லாம் அதது இடத்துல இருந்தா பாதி மார்க்கு நிச்சயம்னு எங்க சார் சொல்வார். வாங்கினேன். அப்புறம் நாலு வருஷம் இன்ஜினியரிங்கும் படிச்சேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருநாள் சர்வர் படுத்துடுச்சு. கிளையண்டுக்கு மெயில் போடணும். 'ஹோப் யூ ஆர் டூயிங் வெல்'னு ஆரம்பிச்சு, மூணாவது பத்தியிலதான் விஷயத்துக்கே வந்தேன். மேனேஜர் விட்ட டோஸு இன்னும் காதுல கேக்குது.

பொதுத்தேர்வுல சொந்தப் பேரு எழுதக்கூடாதுங்கறதுல நியாயம் இருக்கு. திருத்துறவருக்கு ஆள் தெரியக்கூடாது. ஆனா வகுப்புல எதுக்குய்யா எக்ஸ் எக்ஸ் எக்ஸ்? "அப்போ வடிவம் வேணாமா?"ன்னு வாத்தியார் பதிவர்கள் சண்டைக்கு வருவீங்க. வேணும். அது பத்து நிமிஷ சமாச்சாரம். நாப்பது நோட்டு திருத்துற உங்க கஷ்டமும் புரியுது. நாப்பதும் ஒரே கடிதம்தானே, அதைத் திருத்தி என்ன ஆகப்போகுது? கடிதம்னா படிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். இன்லேண்டு லெட்டர் இன்னும் போஸ்டாபீஸ்ல விக்குது. பக்கத்து ஊரு ஸ்கூல் பசங்களுக்கு எழுதச் சொல்லி நிஜமாவே தபால்ல போடுங்க. தப்புத் தப்பா எழுதட்டும். 'நீ எழுதினது புரியல'ன்னு அந்தப் பையன் பதில் போட்டா, அதைவிட பெரிய சிவப்பு மை எது?

நோட்டை மூடிட்டு, "உன் கிளாஸ்ல நிஜமா யாராச்சும் பெயிலானாங்களாடா?"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேசல. ஒன்பதாவதுல கூட உக்கார்ந்திருந்தவனாம். பெயிலானதும் குடும்பத்தோட திருப்பூர் போயிட்டானாம். அதுக்கப்புறம் பேச்சே இல்ல.

"அவனுக்கு எழுது, தமிழோ இங்கிலீஷோ"ன்னேன். அரை மணி நேரம் பேனாவைக் கடிச்சு ரெண்டு வரி எழுதினான். 'யுவர் சைக்கிள் பம்ப் இஸ் வித் மீ. வென் யூ கம்?' அதுல ஃபைன் இல்ல, ரிகார்ட்ஸ் இல்ல. பரீட்சைன்னா ஒரு மார்க்கு தேறாது.

"சரி, அட்ரஸு?"

"அதை உறை மேல கட்டம் போட்டு எழுதணும் மாமா."