மரப்பெரணியும் அணையின் நீர்மட்டமும்

பாபநாசம் அணையில் நீர் எத்தனை அடி நிற்கிறதென்று காலைப் பத்திரிகையில் பார்த்துவிட்டே நாற்றுப் பாவுவதா வேண்டாமாவென்று நிச்சயிக்கும் திருநெல்வேலிச் சீமையில், அவ்வணையின் 143 அடி முழுமட்டத்துக்கு மூலாதாரமான மலையோடைகள் எந்நிலையில் இருக்கின்றன என்று விசாரிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் ஏற்படவில்லை. அவ்விசாரணைக்கு, பொதிகை மலைத்தொடரின் ஓடைக்கரைகளில் வளரும் மரப்பெரணியைவிட நம்பகமான சாட்சி வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

தூரத்தில் நின்று பார்ப்போர் ஈச்சமரமென்று மயங்கக்கூடுமாயினும், அருகே சென்றால் அதன் லட்சணங்கள் தெளிவாகப் புலப்படும். கிளையற்ற அடிமரத்தில் உதிர்ந்த இலைகளின் வடுக்கள் பதிந்திருக்கும். உச்சியில், கருத்த காம்புகளோடு ஆளுயரத்தையும் மிஞ்சி நீளும் இலைகள் மேன்மேலும் பிளவுபட்டு விரிந்திருக்க, இளந்தளிர்கள் சுருண்டே பிறந்து மெல்ல அவிழும். பூவும் காயும் ஒருநாளும் காணாத இதன் சந்ததி, இலையின் அடிப்புறத்துப் பழுப்புப் புள்ளிகளில் வித்துத்தூளாக அடங்கியிருக்கிறது.

அத்தூள் ஈரமண்ணில் விழுந்தவுடனே பெரணியாகிவிடுவதில்லை. முதலில் விரல்நகத்தினும் சிறிய பச்சைத் தகடொன்று உண்டாகி, அதில் தோன்றும் ஆண் அணு மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று பெண் அணுவைச் சேர்ந்த பின்னரே புதிய பெரணி ஜனிக்கிறது. ஆதலின், நிழல் குலைந்து ஈரம் வறண்ட கரையில் முதிர்ந்த மரங்கள் சில காலம் நிற்கலாமேயன்றிக் கன்றுகள் தோன்றா. அணையின் அளவுகோல் பெய்த மழையைச் சொல்லும்; மரப்பெரணிக் கன்றுகளோ, மழை ஓய்ந்த பின்னும் ஓடை கசிகிறதா என்பதைச் சொல்லும்.

இந்தச் சாட்சியத்தைப் படிக்க வேண்டிய சாஸ்திர ஞானம் நம்மிடம் இல்லாமலில்லை. சென்னை ராஜதானியின் வனத்துறைத் தலைவராயிருந்த பெடோம் 1863-ல் தென்னிந்தியப் பெரணிகளைச் சித்திரங்களுடன் வெளியிடத் தொடங்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கம் பாதிரியாரும் இருதயராஜும் 1992-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணி வர்க்கங்களை விரிவாகத் தொகுத்தளித்தனர். 1988 முதல் புலிகள் காப்பகமாயிருக்கும் களக்காடு முண்டந்துறையில் புலியை எண்ணும் சிரத்தையில் ஒரு பங்கையேனும் இதற்குச் செலவிட்டு, குறிப்பிட்ட ஓடைக்கரைகளில் முதிர்ந்த மரங்களையும் கன்றுகளையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வனத்துறையும் கல்லூரிகளும் பிரசுரிக்க வேண்டும்.

இதே மலைகளில், 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டுத் தேயிலைக்காகத் திருத்தப்பட்ட மாஞ்சோலைப் பிரதேசத்தில் காடு திரும்பிவிட்டதாக நாளை எவரேனும் அறிவிப்பாராயின், நட்ட மரக்கன்றுகளின் தொகையைக் கேளாமல், ஓடைக்கரையில் மரப்பெரணி தானே முளைத்திருக்கிறதா என்றே நாம் கேட்க வேண்டும்.