ஆறு வயதுப் பறவையும் ஐம்பது வயதுக் குழந்தைகளும்

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால், தென்காசியிலோ குற்றாலத்திலோ ஓர் உறவினர்கூட இல்லாதவர்களைப் போலப் பரிதாபத்துக்குரியவர்கள் இவ்வுலகில் கிடையாது. அந்த உறவினர்களின் நிலைமை அதைவிடப் பரிதாபமானது என்று சிலர் சொல்லுகிறார்கள். அதைப் பற்றி நாம் அபிப்பிராயம் சொல்வதற்கில்லை. ஏனெனில் நாம் விருந்தாளியாகப் போனவர்கள்.

போன மறுநாளே பேரருவியில் வெள்ளம் ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கிவிட்டது. போலீஸார் கயிறு கட்டிவிட்டார்கள். ஐந்தருவிக்குப் போனவர்கள் அங்கும் அதே கதை என்று திரும்பி வந்தார்கள். ஆகவே எண்ணெய் தேய்த்துக்கொண்ட தலையோடு நண்பர் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்து, சாரலைச் சபித்துக்கொண்டிருந்தோம். அருவியில் தண்ணீர் இல்லை என்று சபித்தவர்களும் இதே பதினோரு பேர்தான் என்பதை உண்மைக்காக இங்கே சொல்லிவைக்கிறோம்.

நண்பரின் மகளும் மருமகனும் லண்டனிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண், உள்ளங்கையளவு கண்ணாடிப் பலகையில் ஏதோ சீமைக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா அது?" என்று கேட்டோம். "ப்ளூ பீட்டரின் பழைய பிறந்த நாள் தாத்தா" என்றாள். இப்படித்தான் இந்த வாரத்து விஷயம் நமக்குக் கிடைத்தது.

'ப்ளூ பீட்டர்' என்பது பி.பி.சி. ஸ்தாபனத்தார் 1958-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி ஆரம்பித்த குழந்தைகள் நிகழ்ச்சி. உலகத்தில் இத்தனை வருஷம் ஓடிய குழந்தைகள் டெலிவிஷன் நிகழ்ச்சி வேறு இல்லை என்கிறார்கள். நம் ஊரில் சஷ்டியப்த பூர்த்தி செய்துகொள்ளும் வயதை அது எப்போதோ தாண்டிவிட்டது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு முறையோ இருபத்தைந்துக்கு ஒரு முறையோ விசேஷ மலர் மாதிரி ஒரு விசேஷக் காட்சி நடத்துவது அங்கெல்லாம் வழக்கம். நாம் தீபாவளி மலர் போடுவதில்லையா, அது போல.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு வேடிக்கையைக் கவனித்தோம். பாதியில் அவள் கொட்டாவி விட்டாள். சீமையிலேயே பிறந்து வளர்ந்த அவள் தகப்பனாருக்கோ கண் கலங்கிவிட்டது. இந்தப் பிறந்த நாள் யாருக்கு?

அமெரிக்காவில் 'ஸெஸமி ஸ்ட்ரீட்' என்ற நிகழ்ச்சி 1969 நவம்பர் 10-ந் தேதி தொடங்கிற்று. அதில் எட்டடிக்கு மேல் உயரமுள்ள ஒரு மஞ்சள் பறவை வருகிறது. அதற்கு வயது ஆறு. அன்றும் ஆறு, இன்றும் ஆறு. அந்தப் பறவையின் உடையை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து அதை ஆட்டுவித்த காரல் ஸ்பின்னி என்பவருக்கு மாத்திரம் ஒழுங்காக வருஷத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டே வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆட்டுவித்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றார். 2019 நவம்பரில் பொன்விழாக் காட்சி நடந்தது. அடுத்த மாதம் அவர் காலமானார். அதே நவம்பரில் 22-ந் தேதிதான் தென்காசி தனி ஜில்லாவாயிற்று என்பதால் அந்த மாதம் நமக்கு மறப்பதில்லை.

ஆறு வயதுக் குழந்தைக்கு ஐம்பது வருஷம் என்றால் என்ன தெரியும்? நேற்றைக்கும் போன தீபாவளிக்கும் வித்தியாசம் தெரியாத வயது அது. ஆகையால் பொன்விழா குழந்தைகளுக்கல்ல, முன்பு குழந்தையாயிருந்தவர்களுக்கு. இதைச் சிலர் பெரிய மோசடி என்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மகள் பார்ப்பதைத் தகப்பனாரும் தம் சொந்த ஞாபகத்தோடு பார்க்கக்கூடிய நாள் வருஷத்தில் எத்தனை? ஆனால் பெயர் பெற்ற நடிகர்களை வரிசையாக உட்காரவைத்து, "ஆஹா, என்ன நிகழ்ச்சி!" என்று சொல்லவைக்கிறார்களே, அதுதான் சகிக்கவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்க விடாமல் உபசாரப் பத்திரம் வாசிப்பது போன்ற காரியம் அது.

இந்த விழாக்களில் நடக்கும் சங்கடங்கள்தாம் நமக்கு மிகவும் பிடித்தன. 'டாக்டர் ஹூ' என்று மற்றொரு நிகழ்ச்சி; 1963 நவம்பர் 23-ந் தேதி பிறந்தது; குழந்தைகளோடு குடும்பமே உட்கார்ந்து பார்ப்பது. அதன் கதாநாயகர் அவ்வப்போது உருமாறி வேறு நடிகராகிவிடுவார். இருபதாவது வருஷம், 1983-ல், அதுவரை நடித்த ஐந்து பேரையும் ஒரே கதையில் சேர்ப்பதென்று முடிவு செய்தார்கள். முதல்வர் காலமாகி எட்டு வருஷமாகியிருந்தது. அவர் இடத்துக்கு வேறொருவரைப் பிடித்தார்கள். நான்காமவர் வரமாட்டேன் என்றுவிட்டார். பழைய முடிவுறாத கதையொன்றிலிருந்து அவருடைய துண்டுகளை எடுத்து ஒட்டினார்கள். கூட்டாகப் படம் பிடிக்க வேண்டுமே, அதற்கு? மெழுகுப் பொம்மைக் காட்சிசாலையிலிருந்து அவருடைய பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்! சம்பந்தி கோபித்துக்கொண்டு வராத கல்யாணங்களை நாமும் பார்த்திருக்கிறோம். இந்த உபாயம் மட்டும் இதுவரை நம்மவர்களுக்குத் தோன்றவில்லை.

'ப்ளூ பீட்டர்'காரர்கள் செய்த காரியம் இன்னும் ருசிகரமானது. 1971-ல் ஒரு பெட்டியில் சில பொருள்களை வைத்துப் பூமியில் புதைத்து, 2000-ம் வருஷத்தில் தோண்டுவோம் என்று குழந்தைகளுக்கு வாக்களித்தார்கள். இருபத்தொன்பது வருஷம் கழித்து, சொன்னபடி, புதைத்தவர்களே நரைத்த தலையோடு வந்து தோண்டினார்கள். திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் புகுந்து எல்லாம் ஊறிப்போயிருந்தது. 1998-ல் மறுபடி ஒரு பெட்டி புதைத்தார்கள். இது 2050-ல் திறக்க வேண்டியது. 2017-ல் கட்டட வேலைக்காரர்கள் தெரியாமல் அதைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் கேட்டு நண்பரின் சம்சாரம் - அந்த வீட்டில் எல்லோருக்கும் ஆச்சி - "ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டுகிற மாதிரி கட்டியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்குமா?" என்றார்கள். சீமை இஞ்சினீயர்கள் இதைக் கவனிப்பார்களாக.

அதே நிகழ்ச்சியில் 1962-ம் வருஷம் ஒரு நாய்க்குட்டியைக் காட்டினார்கள். இரண்டு நாளில் அது செத்துப்போயிற்று. குழந்தைகள் மனம் நோகுமே என்று லண்டன் முழுவதும் அலைந்து அதே சாயலில் வேறொரு குட்டியைப் பிடித்துவந்து, ஒன்றும் நடவாதது போல் காட்டிவிட்டார்கள். பெட்ரா என்று பெயர் வாங்கிய இந்த இரண்டாவது நாய் பதினைந்து வருஷம் வாழ்ந்து, சிலையும் வைத்துக்கொண்டது. உண்மை பின்னால்தான் வெளிவந்தது. அவர்கள் செய்தது சரியா? கூடத்தில் கட்சி பிரிந்தது. ஆச்சி சரி என்றார்கள். லண்டன் பெண், "பொய்தானே?" என்றாள். அமெரிக்கப் பறவை நிகழ்ச்சியில் கடைக்காரராக நடித்த கிழவர் 1982-ல் இறந்தபோது வேறு ஆளைப் போடவில்லை. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று 1983 நவம்பரில் குழந்தைகளிடம் அந்தப் பறவையைக் கொண்டே பேசச் செய்தார்கள். நாம் அந்தப் பெண்ணின் கட்சியில் சேர்ந்துகொண்டோம்.

நிற்க. விழாக் கொண்டாட வேண்டுமானால் பழைய படம் கையில் இருக்க வேண்டும். அங்கேதான் துக்கமான சமாசாரம். அந்தக் காலத்தில் காட்சிகளைப் பதிக்கும் நாடா விலை உயர்ந்தது. ஒரு முறை காட்டியாயிற்று, இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதித்தார்கள். பி.பி.சி.காரர்களே 'டாக்டர் ஹூ'வின் ஆரம்ப கால அத்தியாயங்கள் பலவற்றை இப்படித் தொலைத்தார்கள். ஐம்பதாவது வருஷமாகிய 2013-ல் ஒன்பது அத்தியாயங்கள் ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்திலிருந்து அகப்பட்டன என்று அறிவித்தபோது, காணாமற் போன பிள்ளை திரும்பியது போலக் கொண்டாடினார்கள். படம் போனாலும் தொலைந்த அத்தியாயங்களின் பேச்சும் சங்கீதமும் போகவில்லை. எப்படி? வீட்டில் உட்கார்ந்து பார்த்த சிறுவர்கள் சிலர், டெலிவிஷனுக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துக் குரலைப் பிடித்து வைத்திருந்தார்கள்!

இதைச் சொன்னதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் காரணத்தைச் சொல்லுவதற்கு முன்னால் நம் தேசத்துக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சென்னை ரேடியோ நிலையம் 1938 ஜூன் 16-ல் ஏற்பட்டது. அங்கே குழந்தைகளுடன் பேசியவருக்கு 'வானொலி அண்ணா' என்று பெயர். ஆள் மாறினாலும் அண்ணா என்ற பதவி மாறவில்லை. சீமை டாக்டருடைய தந்திரம் நமக்கு அவர்களுக்கு முன்பே தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கூத்தபிரான் அவர்களை அப்பெயரால் நினைப்பவர்கள் இன்றும் அநேகர். நெல்லையில் ரேடியோ நிலையம் 1963-ல் வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் பிறந்தது. அதற்கும் 2025-ல் ஐம்பது வருஷம் நிறைந்துவிட்டது. அதன் குழந்தைகள் நிகழ்ச்சிதான் 'கண்மணிப் பூங்கா'.

ஆனால் சென்னைப் படம் முதலில் தென்காசிக்கு எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, நெல்லைச் சீமை மாடிகளில் நீளமான குழாய்களை நட்டு, கடலுக்கு அப்பாலிருந்து வந்த படத்தை வாங்கினார்கள். காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழேயிருந்து மற்றொருவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு!" என்று கூவுவார். சாரல் காலத்தில் இது தினசரி நடக்கும் நாடகம். பின்னால் கொடைக்கானல் கோபுரம் எழும்பியதும் சென்னை நம் கூடத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சென்னை நிலையத்துக்கு நம் மலையின் பெயரையே வைத்துப் 'பொதிகை' என்று வெகுகாலம் அழைத்தார்கள். 2024 ஜனவரியில் 'டி.டி. தமிழ்' ஆக்கிவிட்டார்கள். நல்ல பெயர்தான், இருந்தாலும் குற்றாலத்துக்காரர்களுக்கு ஒரு சிறு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

நண்பரின் மகள், அதாவது இந்த லண்டன் பெண்ணின் தாயார், சிறுமியாயிருந்தபோது விடுமுறையில் சென்னைக்குப் போய்க் 'கண்மணிப் பூங்கா'வில் ஒரு பாட்டுப் பாடினாள். அது ஒளிபரப்பான மாலை தெருவே நண்பர் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. மூன்று நிமிஷம். பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. தன் மகளிடம் அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மகள் நம்பவில்லை. "படத்தைக் காட்டு" என்கிறாள். அவள் பிறந்த காலத்தில் படமில்லாத சம்பவமே கிடையாது. ப்ளூ பீட்டரின் முதல் நாய்க்குக்கூடச் சாட்சியம் இருக்கிறது. தன் தாயாருக்கு இல்லை என்றால் அவள் நம்பாததில் ஆச்சரியமென்ன?

தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனை இங்கே நினைத்துக்கொண்டோம். பதினைந்தாம் நூற்றாண்டில் அத்தனை பெரிய கோயிலைக் கட்டிவிட்டு, தன் புகழைப் பாடும்படி அவன் கேட்கவில்லை. இது ஒரு நாள் பழுதுபடும் என்று அறிந்து, அப்போது அதைச் செப்பனிடப் போகிறவர்களின் காலில் இன்றே விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். கோபுரம் இடிந்து பிளந்து வெகுகாலம் நின்றது. 1990-ல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. நாடாவை அழித்து மேலே எழுதியவர்களுக்கும் இந்தப் பாண்டியனுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. எந்த நிலையத்தின் அலமாரியில் எது மிஞ்சியிருக்கிறதோ அதை எடுத்து ஜனங்கள் பார்க்கக் கொடுப்பதே உண்மையான பொன்விழா என்பது நமது அபிப்பிராயம். நேயர்கள் வீட்டுப் பரண்களையும் பார்க்கவேண்டும். பழைய நாடாக்களில் ஈரம் ஏறினால் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பூக்கும். அப்படிப் பூத்ததை ஆவலோடு இயந்திரத்தில் போட்டுவிட்டால் நாடாவும் போகும், இயந்திரமும் கெடும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, உடனே புது முறையில் பிரதி எடுத்துக்கொள்ளுவது உசிதம். காலம் அதிகமில்லை.

இனி, நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்த காரணம். அன்று மாலை அவரும் டெலிவிஷனுக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்திருந்தாராம். அப்படி வைத்ததையே மறந்துவிட்டார். ஆச்சி சாவியைக் கொண்டுவந்தார்கள். டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில், 'சினிமாப் பாட்டு' என்று எழுதிய காஸெட்டு. பூஞ்சணம் இல்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு பழைய இயந்திரத்தையும் வாங்கிவந்தார்கள்.

முதலில் இரைச்சல். பிறகு ஒரு சிறுமியின் குரல், கொஞ்சம் சுருதி விலகி. குக்கர் விசில் ஒன்று. யாரோ இருமினார்கள். "பிள்ளையைப் பாட விடுங்கப்பா, சத்தம் போடாம இருங்க!" என்று ஒரு வயதான ஸ்திரீயின் அதட்டல்.

"அம்மா, பாடுவது நீயா?" என்றாள் பெண். பிறகு, "அதட்டுவது யார்?" என்று கேட்டாள்.

"என்னுடைய அம்மா" என்றார் நண்பர். அந்த அம்மாள் தவறி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. மழை விட்டுவிட்டதா பார்த்துவருகிறேன் என்று அவர் எழுந்து வாசலுக்குப் போனார். மழை விடவில்லை.