உண்டியலுக்கு ரெண்டு பூட்டு, பேர் லிஸ்டுக்கு?

ஓம் சக்தி. நீளமான பதிவு, பொறுமையா படிங்க. சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

பால்குடம் எடுக்கப் பதிஞ்சவங்க லிஸ்டை போன வாரம் யாரோ வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. பேர், ஐசி நம்பர், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் இருக்கு. குரூப்ல 200 பேருக்கு மேல. பாதிப் பேர் யாருன்னே எனக்குத் தெரியாது. அழிக்கச் சொன்னேன். "அண்ணே, எல்லாம் நம்ம ஆளுங்கதானே"ன்னு பதில்.

நம்ம ஆளுங்கதான். அப்போ உண்டியலுக்கு ஏன் ரெண்டு பூட்டு? எண்ணும்போது ஏன் மூணு பேர் உக்கார்றோம்? யாரையும் சந்தேகப்பட்டு இல்ல. அது அடுத்தவங்க நம்பிக் குடுத்த காசு. இந்த விவரமும் அடுத்தவங்க நம்பிக் குடுத்ததுதான்.

ஐசி நம்பர் சும்மா 12 இலக்கம் இல்ல. முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம், கெடாவுக்கு 02. கடைசி இலக்கம் ஒற்றைப்படைன்னா ஆண், இரட்டைப்படைன்னா பெண். இதோட பேரும் போன் நம்பரும் கிடைச்சா மக்காவ் ஸ்கேம்காரனுக்கு வேற என்ன வேணும்? "போலீஸ்ல இருந்து பேசுறோம், உங்க ஐசி இதுதானே"ன்னு சரியா சொன்னா, தோட்டத்துல வளர்ந்த நம்ம பாட்டிமாருங்க நடுங்கிப் போயிடுவாங்க.

"எல்லாம் ஏற்கனவே வெளிய போயிடுச்சு"ன்னு சிலர் சொல்றாங்க. உண்மைதான். 2017ல நம்ம நாட்டுல 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களோட விவரம் கசிஞ்சது வெளிச்சத்துக்கு வந்துச்சு. அப்போ ஜனத்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். அதுக்காக, ஊர்ல திருட்டு நடக்குதுன்னு நம்ம வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டா தூங்குவோம்?

"தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்குத்தான், கோவிலுக்கு இல்ல"ன்னு ஒரு பெரியவர் வாதம் பண்ணார். 2010ல வந்த அந்தச் சட்டம் வணிகத்துக்குன்னு எழுதினதுதான், ஒத்துக்கறேன். 2024 திருத்தத்துல அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட் வரைக்கும் ஏத்தியிருக்காங்க. கம்பெனிக்காரன் அபராதத்துக்குப் பயந்து செய்யறதை நாம அம்பாளுக்குப் பயந்து செய்யக் கூடாதா?

நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன். ஹைடெக் பூங்காவுல சூப்பர்வைசர். லைனுக்குள்ள போகும்போது போன் கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டணும், சிப் படம் வெளிய போகக் கூடாதுன்னு. சிப்புக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லையா?

என் பொண்ணு காலேஜ்ல கணினிப் பாதுகாப்பு படிக்கிறா. அதுல நெறிமுறைன்னு ஒரு பாடம். தேவையானதை மட்டும் கேளு, கேட்ட காரியத்துக்கு மட்டும் வச்சுக்கோ, முடிஞ்சா அழிச்சிடு. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கின அண்டாவை கழுவித் திருப்பிக் குடுக்கிற பழக்கம்தானே இது?

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள். அர்ச்சனைக்கும் பால்குடத்துக்கும் பேர், நட்சத்திரம், ராசி போதும். ஐசி கேட்காதீங்க. போன் நம்பர் வேணும்னா செயலாளர் கையில மட்டும் இருக்கட்டும். திருவிழா முடிஞ்சதும் அழிச்சிடுங்க.

பக்தர்களே, யார் ஐசி கேட்டாலும் "எதுக்கு?"ன்னு கேளுங்க. கேட்கறது பாவமில்ல. ஏமாந்து பணம் போயிட்டா வெட்கப்படாம உடனே 997க்கு அடிங்க.

குரூப்ல இருக்கிற அந்த லிஸ்டை போட்டவங்க இன்னைக்கே அழிக்கணும். மத்தவங்களும் அவங்கவங்க போன்ல இருந்து எடுத்துடுங்க. பேச்சுல தப்பு இருந்தா மன்னிக்கவும், சொன்ன விஷயத்துல மாற்றமில்ல.

ஓம் சக்தி.