தரைச் சிலந்தியும் பெயரறிதலும்

பெயரறியாத உயிரைக் காத்தல் அரிது. பிழைபட்ட பெயரிட்டு அதனைக் காத்தல் அதனினும் அரிது. பழவேற்காட்டு ஏரி என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன பூநாரைகளும், 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையுமே. கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களின் மணலிலே, கல்லின் அடியிலும் உலர்ந்த ஓலையின் அடியிலும் தேடத்தக்க சிறு ஜந்துக்களை எண்ணுவார் மிகச் சிலர். அவற்றுள் தரைச் சிலந்தியைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

இச்சிலந்திகள் இரைக்கென வலை பின்னுவதில்லை. பகலில் நூற்கூட்டினுள் ஒடுங்கி, இரவில் ஓடி வேட்டையாடும் இயல்பின. உலகில் இவற்றுள் 2,000-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. முன்புற நூற்குழல்கள் உருளை வடிவினவாய் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்றல் கொண்டு குடும்பத்தை அறியலாம்; இனத்தை அறிதலோ அத்துணை எளிதன்று. பல இனங்கள் கருமையும் பழுப்புமாய் ஒன்றுபோலவே தோன்றும். ஆணின் வாயருகேயுள்ள சிறுகைகளின் நுனியையும், பெண்ணின் வயிற்றடியிலுள்ள பிறப்புறுப்புத் தகட்டையும் உருப்பெருக்கியில் நோக்கியே துணிதல் வேண்டும். முதிராத குஞ்சினை இவ்வாறு துணிதல் இயலாது. மேலும் நம் நாட்டு இனங்கள் பல, ஆண் அல்லது பெண் ஒன்றனைக் கொண்டே வருணிக்கப்பட்டவை. 1982-இல் டிக்காதர் என்னும் அறிஞர் இந்தியத் தரைச் சிலந்திகளைத் தொகுத்து நூலியற்றினார்; எனினும் பணி முற்றுப்பெற்றிலது.

இந்நிலையில், கைப்பேசியிற் பிடித்த ஒரு படத்தைக் கொண்டு நொடியில் இனப்பெயர் கூறிவிடும் வழக்கத்தை நாம் ஒப்புதற்கில்லை. படம் பயனற்றதென்பது நம் கருத்தன்று. இடமும் காலமும் நடத்தையும் அதனால் விளங்கும். ஆயினும் சான்றாக வைக்கப்பட்ட உடலின்றி, பின்வருவோர் அப்பெயரைச் சோதிப்பது எங்ஙனம்? ஒரு பெயருக்காக உயிரைக் கொல்லுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். வினா நேரியதே. வேண்டுமளவிற்கு மேல் ஒன்றேனும் கொள்ளலாகாது. சரணாலய எல்லையில் வனத்துறையினர் அனுமதியின்றி எதனையும் எடுத்தலுமாகாது.

பெயரறிதலின் பயன் இராமேசுவரத்திற் காணக்கிடக்கின்றது. ஆங்குள்ள மரப்பொந்துச் சிலந்தியொன்று 2004-இல் அனுமவிலாசம் என்னும் கோயிற்பெயரால் தனியினமாக வருணிக்கப்பட்டது. பின்னர் மிக்க அபாயத்திலுள்ள இனமெனக் கணிக்கப்பட்டது. கடல் கடந்து மன்னாரிலும் அது உளதெனப் பின்னர் அறியப்பட்டது. பெயர் திட்டமாக நின்றமையாலன்றோ இவையெல்லாம் கூடின?

ஆதலின், விலங்கியல் பயிலும் நம் மாணவர் சாராயக் குப்பியில் இடும் ஒவ்வொரு சிலந்தியோடும் இடம், நாள், எடுத்தவர் பெயர் என்னும் மூன்றனையும் எழுதிவைப்பாராக. இனம் தெரியாவிடத்துக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது இழுக்கன்று, அதுவே அறிவுடைமை.