காணிக்காரர் சொல்லாத பச்சிலை

கேள்வி: பேச்சிப்பாறை மலையிலிருந்து வரும் காணிக்காரர் ஒருவரிடம் ஒரு பச்சிலையின் பெயரைக் கேட்டால், "வெளி ஆளுக்குச் சொல்லக் கூடாது" என்கிறார். இது மூடநம்பிக்கைதானே? – வாசகர், குளச்சல்.

பதில்: அப்படி ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

காணி என்றால் நிலம். காணிக்காரர் என்றால் நிலத்துக்கு உரியவர். குமரி மாவட்டத்தின் மேற்கு மலைகளிலும் அடுத்துள்ள கேரளக் காடுகளிலும் வாழும் பழங்குடியினர் இவர்கள். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. பூசையும் வைத்தியமும் பிலாத்தியின் பொறுப்பு. நோய் கண்டால் பிலாத்தி கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலி எழுப்பிச் சாற்றுப்பாட்டுப் பாடுவார். விளைச்சலில் முதல் பங்கு தெய்வத்துக்கு. அந்தப் படையல் 'கொடுதி'. நாஞ்சில் நாட்டு வயல்காரர் முதல் கதிரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறைபுத்தரிசி கொண்டாடுவதும் ஏறக்குறைய இதே எண்ணம்தான்.

மருந்துச் செடியின் அறிவும் இந்த முறைக்குள்தான் அடங்கும். அது தனி ஆளின் சொத்தல்ல. வெளியே சொல்வது விலக்கு.

அந்த விலக்கு ஒருமுறை தளர்ந்தது. 1987-ல் அகத்தியர் மலைக்கு ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் ஏற முடியாமல் களைத்தார்கள். வழிகாட்டியாக வந்த காணி இளைஞர்களோ ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். கேட்டதும் சொல்லவில்லை; வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதோடு வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் தரப்பட்டது. கிடைப்பதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-ல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது.

பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததை உலகமே பாராட்டியது. ஆனால் மலைக்குள் எல்லோருக்கும் மகிழ்ச்சியில்லை. பொது அறிவை விற்றுவிட்டார்கள் என்று பிலாத்திகள் சிலர் எதிர்த்தார்கள். இலை பறிப்பதில் வனத்துறையோடும் சிக்கல் வந்தது. இன்னொன்று: அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது காணிகள் நடுவேயும் ஒரு மாநில எல்லை விழுந்துவிட்டது. பேச்சிப்பாறைக் காணி அந்தப் பக்கம் இல்லை. "சொல்லக் கூடாது" என்று அவர் சொல்வதை இதையெல்லாம் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதில் குளச்சல் விவசாயிக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் பரம்பரையாக வைத்திருக்கும் நெல்லோ வாழையோ மரச்சீனியோ இருந்தால், 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாயி ரகமாகப் பதிவு செய்யலாம்; விவசாயிக்குக் கட்டணம் கிடையாது. விவரத்துக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. ஆனால் அதில் எழுதியது எழுதியதுதான். மருந்து ரகசியத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அறிவுக்கு உரியவரே தீர்மானிக்கட்டும்.

கேள்வி கேட்டவர் கையில் அந்த இலை இருந்தால், பெயரும் அளவும் தெரியாமல் ஆளுக்கோ மாட்டுக்கோ கொடுக்க வேண்டாம். நோய் என்னவென்று அந்தக் காணிக்காரரிடமே சொல்லி, மருந்தாகவே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு அவர் மறுப்பதில்லையே.