வெறும் பாறையா?

"அங்கே என்ன சார் இருக்கு? வெறும் பாறைதானே!" இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் கிடையாது. காலை நடையில் கூட வருகிறவர்கள் கேட்கிறார்கள், சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் மதுரைக்காரர்கள். அறுபது, எழுபது வருஷமாக யானைமலையைப் பார்த்துக்கொண்டே மேலூர் ரோட்டில் போய் வந்தவர்கள்.

இதே ஆட்கள் மே மாதம் பிறந்துவிட்டால் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பிவிடுவார்கள். இப்போது அதற்கு இ-பாஸ் வேறு வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவு. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வண்டி மேல் வண்டியாக நின்று, பேரன் இரண்டு தடவை வாந்தி எடுத்து, மத்தியானம் போய்ச் சேர்ந்து, கோக்கர்ஸ் வாக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எதிரே பனிமூட்டம். ஒன்றும் தெரியாது. ஆளுக்கு ஒரு மக்காச்சோளம் தின்றுவிட்டுத் திரும்பி வந்து, "வியூ பாயிண்ட் எல்லாம் பார்த்தாச்சு" என்பார்கள்.

கொடைக்கானலுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கரட்டை ஒரு நாளும் ஏறிப் பார்க்காமல், அதில் ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றுதான் கேட்கிறேன்.

கீழக்குயில்குடி சமணர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். டவுனிலிருந்து அரை மணி நேரம். அடிவாரத்தில் அய்யனார் கோவில், பெரிய ஆலமரங்கள், தாமரைக்குளம். பாறையிலேயே வெட்டிய படிகள் இருக்கின்றன. நிதானமாக ஏறினால் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். பாறைச்சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்தில் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. பக்கத்தில் சுனை. இன்னும் கொஞ்சம் மேலே போய்த் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும், இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம், நடுவில் வயலும் கண்மாயும் தென்னந்தோப்பும், தூரத்தில் மதுரை. காலை ஆறரை மணிக்கு அங்கே அடிக்கிற காற்றுக்கு டிக்கெட் கிடையாது. உச்சியில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டுகூட இருக்கிறது. எங்கிருந்தோ வந்தவன் ஏறிப் பெயர் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். பக்கத்திலேயே இருக்கிற நமக்குத்தான் நேரமில்லை!

யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை 770-ஆம் வருஷத்தது. பாண்டியனிடம் மந்திரியாக இருந்த மாறன் காரி ஆரம்பித்தது. அதுவும் "வெறும் பாறை"யில் குடைந்ததுதான்.

நான் வருவாய்த்துறையில் காலம் தள்ளியவன். அதனால் இந்த "வெறும் பாறை" என்ற பேச்சைக் கேட்டால் மற்றவர்களைவிட எனக்குக் கோபம் கூடுதலாக வரும். 'அ' பதிவேட்டில் இந்தக் குன்றுகளெல்லாம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கும் தெரியுமா? "கல்லாங்குத்து", "பாறை", "புறம்போக்கு". அவ்வளவுதான். சுனை இருப்பதும், மழைத் தண்ணீர் அந்தப் பாறையில் வழிந்துதான் கீழே கண்மாய்க்குப் போகிறது என்பதும், ஆடு மேய்வதும், சாமி இருப்பதும் அந்த ஒரு சொல்லில் காணாமல் போய்விடும். வரி வராத நிலம், ஆகவே உபயோகமில்லாத நிலம். குத்தகைக்குக் கேட்டு வருகிறவனுக்கு இதைவிட வசதியான சொல் வேறென்ன வேண்டும்?

மேலூர்ப் பக்கம் நடந்தது ஊரறிந்த கதை. கிரானைட் குவாரிகள் குன்று குன்றாக அறுத்துத் தள்ளின. 2012-இல் கலெக்டராக இருந்த சகாயம் அறிக்கை கொடுத்த பிறகுதான், 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்ன பிறகுதான், பல பேருக்கு எது போயிற்று என்பதே தெரிந்தது. கீழவளவுப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். குன்று இருந்த இடத்தில் செங்குத்தான பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர்.

இதற்கு நேர் எதிரானது அரிட்டாபட்டி. அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஏழு குன்றுகளும் பெயர் பெயராகத் தெரியும். எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்தப் பாறையில் ராஜாளி கூடு கட்டும் என்று சொல்லுவார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாயிற்று என்று செய்தி வந்தது. சுற்று வட்டாரமே எழுந்தது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரை வரைக்கும் ஜனங்கள் வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்து.

யோசித்துப் பாருங்கள். குன்றின் பெயரே தெரியாதவன் அதற்காக ரோட்டில் இறங்குவானா?

யானைமலையைச் சிற்ப நகரமாக்குகிறோம் என்று 2010 வாக்கில் ஒரு திட்டம் கிளம்பியபோதும் அடிவாரத்து ஊர்கள்தான் முதலில் எதிர்த்தன. அதிலிருந்துதான் பசுமை நடை தொடங்கியது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, குழந்தை குட்டிகளோடு குன்றுகளைத் தேடிப் போகிறார்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் கூட வந்து விளக்குகிறார்கள்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "மேம்படுத்துவோம்" என்பவர்கள். ரோப்கார், சிமெண்ட் மண்டபம், செல்ஃபி எடுக்க "ஐ லவ்" என்று பெரிய பிளாஸ்டிக் எழுத்து. குன்றுக்கு இவர்கள் எதையாவது மாட்டிவிட்டால்தான் அது குன்று! எனக்கு வேண்டியது அடிவாரத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை, வழி காட்டும் பலகை ஒன்று, ஒரு காவலாள். வழுக்கும் இடத்தில் கைப்பிடிக் கம்பி. மற்றதெல்லாம் காண்ட்ராக்ட்காரருக்காக.

"கூட்டம் போனால் குன்று கெட்டுவிடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டில் சில்லும், சிற்பத்தின் மேல் அம்பு துளைத்த இதயமும் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கவனியுங்கள், குடிக்கிறவன் எந்த இடத்தைத் தேடிப் போகிறான்? யாரும் வராத இடத்தை. தாத்தா பாட்டியும் பேரக் குழந்தைகளும் தினம் ஏறி இறங்குகிற பாறையில் பாட்டிலைத் திறக்க எவனுக்கும் கூச்சமாக இருக்கும்.

முழங்கால் வலி என்று சொல்லப்போகிறீர்கள். உச்சிக்குப் போகச் சொல்லவில்லையே. சமணர் மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு இருக்கிறது, சில படிகள்தான். குகை வாசலில் உட்கார்ந்தாலே போதும். ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாசி வழுக்கும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், கைத்தடி. காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டு வர ஒரு துணிப்பை. பேரனுக்கு லீவு என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வட்டெழுத்தை அவன் போனில் படம் பிடிக்கட்டும். கீழே இறங்கியதும் அந்தக் குன்றுக்கு ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் பதிவேட்டில் இருக்காது.